மழை தொடங்கட்டும் என்று காத்திருக்காதீர்கள்

வணக்கம். சர்க்கரை உள்ள 68 வயது அப்பாவுக்கும் 5 வயது மகனுக்கும் ஃப்ளூ தடுப்பூசியை இப்போதே போடலாமா, நவம்பர் வரை பொறுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். சென்னையில் இருக்கிறீர்கள், அதனால் செப்டம்பரிலேயே போட்டுவிடுங்கள். இங்கே வடகிழக்குப் பருவமழையோடுதான் ஃப்ளூ ஏறும். ஊசி போட்ட அன்றே பாதுகாப்பு வந்துவிடாது, சுமார் இரண்டு வாரம் ஆகும். வீட்டில் இருமல் கேட்ட பிறகு ஓடினால் அந்த இரண்டு வாரம் கையில் இருக்காது.

மகனுக்கு இன்னும் அவசரம். 9 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு முதல் முறை என்றால் நான்கு வார இடைவெளியில் இரண்டு தவணை வேண்டும்.

ஊசியாலேயே காய்ச்சல் வரும் என்று அப்பா பயப்படுகிறாரே, அதில் இருப்பது செயலிழந்த வைரஸ் என்று சொல்லுங்கள். அதனால் ஃப்ளூ வராது. கை வலிக்கும், ஓரிரு நாள் உடம்பு லேசாகச் சுடலாம், அவ்வளவுதான். சர்க்கரை உள்ளவருக்கு ஃப்ளூ வந்தால் நிமோனியா வரை போகலாம். என் அம்மாவுடன் ஒரு டிசம்பரில் ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தேன், அந்தப் பயம் இன்னும் போகவில்லை.

அப்புறம், போன வருஷம் போட்டது இந்த வருஷத்துக்கு ஆகாது. மருந்து இந்தப் பருவத்துக்கானதா என்று கேட்டுப் போடுங்கள்.