ஜிம் ஊசி: முடி கொட்டுவது இருக்கட்டும், கண் ஏன் இருட்டியது?

கேள்வி: வயது 24. மதுரையில் வேலை. ஜிம்மில் ஒரு அண்ணன் சொல்லி, உடற்பயிற்சிக்கு முன் மெஃபென்டெர்மின் ஊசி போட்டுக்கொள்கிறேன். அரை மி.லி.யில் தொடங்கி இப்போது இரண்டு மி.லி. ஆகிவிட்டது. முடி கொட்டுகிறது. கிட்னி போகும், ஆண்மை போகும், மூளை சுருங்கும் என்று யூடியூபில் சொல்கிறார்கள். போன வாரம் ஸ்குவாட்ஸ் செய்யும்போது நெஞ்சு படபடவென்று அடித்து, சில நொடி கண் இருட்டியது. அன்றிலிருந்து அப்பாவின் பிரஷர் மாத்திரையில் பாதி போடுகிறேன். படபடப்பு அடங்குகிறது. தொடரலாமா?

பதில்: கூடாது. ஊசியும் கூடாது, மாத்திரையும் கூடாது.

யூடியூப் பட்டியலை ஓரமாக வையுங்கள். 24 வயதில் முடி கொட்டப் பரம்பரை, பொடுகு என்று ஆயிரம் காரணம் உண்டு. விறைப்பில் தடுமாற்றம் இருந்தால், ஊசியை நிறுத்தியதும் பெரும்பாலும் சரியாகிவிடும். கிட்னிக்கு ஒரு கிரியாட்டினின் பரிசோதனை போதும். மூளை சுருங்குவதை வீடியோ போடுகிறவர்களுக்கே விட்டுவிடலாம். உங்கள் பயமெல்லாம் கேள்வியின் கடைசிப் பகுதியில், அந்தப் படபடப்பிலும் கண் இருட்டியதிலும்தான் இருக்கிறது. இல்லாவிட்டால் அப்பாவின் மாத்திரைப் பட்டையைத் தேடிப் போயிருக்க மாட்டீர்கள்.

இந்த மருந்து இருக்க வேண்டிய இடம் ஆபரேஷன் தியேட்டர். சிசேரியனுக்கு முதுகில் மயக்க ஊசி போட்டதும் சிலருக்கு ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும். அதை ஏற்றிவிட மயக்க மருத்துவர், மானிட்டரில் வைத்த கண் எடுக்காமல், ஒரு தடவைக்கு ஆறு மில்லிகிராம் போலச் செலுத்துவார். கடையில் வரும் குப்பியில் பொதுவாக ஒரு மி.லி.க்கு 30 மில்லிகிராம் இருக்கும். நீங்கள் ஏற்றுவது 60. தசையிலா, ரத்த நாளத்திலா என்று எழுதவில்லை. ரத்த நாளத்தில் என்றால் இன்னும் மோசம்.

நரம்பு முனைகளில் சேர்ந்திருக்கும் நார்அட்ரினலின் என்ற வேதிப்பொருளை இந்த மருந்து வெளியே தள்ளுகிறது. இதயம் வேகமெடுக்கும், ரத்தக் குழாய்கள் இறுகும், களைப்பு தெரியாது. திரும்பத் திரும்பத் தள்ளினால் கையிருப்பு குறைகிறது. அதனால்தான் அரை மி.லி. இரண்டு மி.லி. ஆனது. 'உடம்பு பழகிடுச்சு' என்று அந்த அண்ணன் சொல்லியிருப்பார்.

இப்போது அந்த ஸ்குவாட்ஸ். மூச்சைப் பிடித்துக் கனமான எடையோடு எழும்போது, ஊசி போடாத ஆளுக்கே மேல் அழுத்தம் 200-ஐத் தாண்டலாம். எடையைக் கீழே வைத்த பிறகு லேசாகத் தலை சுற்றுவது பலருக்கும் வரும், அதைப் பற்றி நான் கவலைப்பட மாட்டேன். ஆனால் உங்களுக்கு முதலில் நெஞ்சு அடித்திருக்கிறது, அப்புறம் கண் இருட்டியிருக்கிறது. அதுவும் எடை தோளில் இருக்கும்போதே, மருந்து ரத்தத்தில் ஓடும்போதே. இந்த வரிசை எனக்குப் பிடிக்கவில்லை. இதயத் துடிப்பு தாளம் தப்பி, மூளைக்குப் போகும் ரத்தம் சில நொடி குறைந்திருக்கலாம். அடுத்த முறை அது சில நொடியில் திரும்பி வரும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது.

இன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். ஈசிஜி, எக்கோ, ரத்தத்தில் பொட்டாசியம் பார்க்கச் சொல்வார்கள். ஈசிஜி நார்மல் என்று வந்தால் துள்ளிக் குதிக்க வேண்டாம், அது பத்து நொடிப் பதிவு. தேவைப்பட்டால் 24 மணி நேரமும் துடிப்பைப் பதிவு செய்யும் ஹோல்டர் கருவியை மாட்டிவிடுவார்கள். எல்லாம் முடியும்வரை ஜிம் பக்கமே போகாதீர்கள். அதற்குள் மயங்கி விழுந்தாலோ, நெஞ்சு இறுகினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே படபடப்பு அடங்காமல் போனாலோ 108-ஐக் கூப்பிடுங்கள். பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டாம். குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென்று இறந்திருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஊசியின் பெயரை மறைக்காதீர்கள். 'எனர்ஜி டிரிங்க் குடிச்சேன் டாக்டர்' என்று சொல்பவர்களுக்குத் தவறான சிகிச்சைதான் கிடைக்கும்.

அப்பாவின் மாத்திரைக்குப் படபடப்பு அடங்குகிறது என்றால் அது அட்டினலால், மெட்டோபுரோலால் வகையாக இருக்கும். அது துடிப்பை மட்டும் அடக்குகிறது. ஊசி இறுக்கிய ரத்தக் குழாய்கள் இறுகியபடியேதான் இருக்கும், அழுத்தம் இன்னும் ஏறவும் கூடும். எச்சரிக்கை மணியைக் கழற்றி வைத்துவிட்டு, ஊசியைத் தொடர்கிறீர்கள். பட்டையைக் கையோடு எடுத்துப்போய் மருத்துவரிடம் காட்டுங்கள். அப்பாவுக்கு மாத்திரை குறைகிறதே, அதை யோசித்தீர்களா?

ஊசியைப் படிப்படியாகக் குறைக்க வேண்டியதில்லை, ஒரேயடியாக நிறுத்திவிடலாம். ஒன்றிரண்டு வாரம் தூக்கம் தூக்கமாக வரும், எரிச்சல் வரும், எடை தூக்க மனசே வராது. அந்த நேரத்தில் பிரீ-ஒர்க்அவுட் பவுடருக்குத் தாவாதீர்கள், ஒரு ஸ்கூப்பிலேயே 200, 300 மி.கி. காஃபீன் இருக்கும். மனசு ரொம்பவும் இருண்டால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனஸ் 14416-இல் தமிழிலேயே பேசலாம்.

நீங்கள் எழுதாத ஒன்று. சிரிஞ்சு ஆளுக்கு ஒன்று என்று வைத்துக்கொள்வோம், குப்பி? ஒருவர் குத்திய ஊசியை மறுபடி அதே குப்பிக்குள் விட்டிருந்தால் எல்லாரும் ஒரே ஊசியைப் பகிர்ந்ததற்குச் சமம். எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி மூன்றையும் இப்போதும், மூன்று மாதம் கழித்தும் பாருங்கள். அந்தக் குப்பியில் உங்களோடு பங்கு போட்டவர்களையும் கூட்டிப் போங்கள். ஹெபடைடிஸ் பி இல்லை என்று வந்து, தடுப்பூசியும் முன்பு போட்டதில்லை என்றால், அன்றைக்கே முதல் டோஸைப் போட்டுக்கொள்ளுங்கள்.