மெகர், எர்த் டெஸ்டர் சரியாகக் காட்டுகிறதா என்று இரண்டு கேலிபிரேஷன்களுக்கு நடுவில் எப்படிப் பார்ப்பது?

கேள்வி கேட்டவர் ஒரு மில்லில் எலக்ட்ரிகல் மெயின்டனன்ஸ் பார்க்கிறார். மெகர் (இன்சுலேஷனின் தடையை அளப்பது), எர்த் டெஸ்டர் (எர்த்தின் தடையை அளப்பது) போன்ற மீட்டர்கள் வருடம் ஒருமுறை கேலிபிரேஷன் லேபுக்குப் போய் ஸ்டிக்கரோடு திரும்புகின்றன, அது போதாதா என்பது அவர் சந்தேகம். போதாது என்றுதான் சொல்வேன்.

அன்றைக்கு, அந்த அறையில், இந்த மீட்டர் இவ்வளவு காட்டியது. லேப் சான்றிதழில் இருப்பது அவ்வளவுதான். மறுவாரம் ஏணியிலிருந்து மீட்டர் கீழே விழுந்தது அதற்குத் தெரியாது. கேலிபிரேஷன் என்றால் மீட்டரைச் சரிசெய்து தருவது என்று வேறு பலர் நினைக்கிறார்கள். எவ்வளவு பிசகு என்று அளந்து எழுதித் தருவதுதான் கேலிபிரேஷன். திருத்துவது தனி வேலை, தனியாகக் கேட்க வேண்டும். 10 மெகாஓமுக்கு 11.5 காட்டும் மீட்டருக்கும் சான்றிதழ் வரும், ஸ்டிக்கரும் வரும். உள்ளே இருக்கும் அட்டவணையை யார் படிக்கிறார்கள்? ஆடிட்டரே தேதியைத்தான் பார்க்கிறார். அந்த ஒரு வருடக் கணக்குகூட நாம் வைத்துக்கொண்டதுதான். நம்மோடு பேசி ஒத்துக்கொண்டால் ஒழிய, லேப் அடுத்த தேதியைப் பரிந்துரைக்கக் கூடாது என்கிறது லேப்களுக்கான தரநிலை ஐஎஸ்ஓ/ஐஇசி 17025.

மெகருக்கு எல்லோரும் செய்யும் சோதனை ஒன்று உண்டு. லீடுகளை, அதாவது மீட்டரின் சோதனை வயர்களை, பிரித்து வைத்துச் சுற்றினால் இன்ஃபினிட்டி, சேர்த்து வைத்துச் சுற்றினால் ஜீரோ. நல்ல பழக்கம், விடாதீர்கள். அறுந்த லீடு இதிலேயே மாட்டிக்கொள்ளும். ஆனால் இது ஸ்கேலின் இரண்டு கோடிகளை மட்டுமே பார்க்கிறது. வயரிங்குக்கு 500 வோல்ட் சோதனையில் 1 மெகாஓமுக்குக் குறையக்கூடாது என்பது நம் விதி. நாம் முடிவெடுக்கும் அந்த இடத்தில் முள் ஒழுங்காக நிற்கிறதா என்று இந்தச் சோதனை சொல்லாது.

அதற்கு ஒரு ரெசிஸ்டர் பெட்டி செய்துகொள்ளுங்கள். மூடிய பிளாஸ்டிக் பெட்டி, வெளியே டெர்மினல்கள், உள்ளே 1% மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டர்கள்: மெகருக்கு 1 மெகாஓம், 10 மெகாஓம், எர்த் டெஸ்டருக்கு 10 ஓம், கன்டினியூட்டிக்கு (வயர் அறாமல் தொடர்கிறதா என்று பார்க்கும் சோதனை) 1 ஓம். ஒரு விஷயத்தில் மட்டும் கவனம். கடையில் கிடைக்கும் சாதாரண கால் வாட் ரெசிஸ்டர் பொதுவாக 250 வோல்ட்தான் தாங்கும். 500 வோல்ட் மெகரை நேராக அதில் கொடுத்தால் ரெசிஸ்டரின் மதிப்பே நகர்ந்துவிடும், அப்புறம் பழி மீட்டர் மேல் விழும். மூன்று நான்கை சீரிஸில் (ஒன்றன்பின் ஒன்றாக) போட்டு அந்த மதிப்பைக் கொண்டுவாருங்கள். அடுத்த முறை மீட்டர்களோடு பெட்டியையும் லேபுக்கு அனுப்பி, அவர்கள் அளந்த மதிப்பைப் பெட்டி மேலேயே எழுதி வையுங்கள்.

எர்த் டெஸ்டரில் P, C (மண்ணில் அடிக்கும் சோதனைக் கம்பிகளுக்கான டெர்மினல்கள்) இரண்டையும் ஷார்ட் செய்து, அதற்கும் E-க்கும் (அளக்கும் எர்த்துக்கான டெர்மினல்) நடுவே 10 ஓமை மாட்டினால் 10 காட்ட வேண்டும். தெரிந்த ஒரு எர்த் பிட்டை (எர்த் கம்பி புதைத்த குழி) வைத்துச் சரிபார்க்கிறேன் என்று சிலர் சொல்வார்கள். சித்திரை வெயிலில் ஒன்று, ஐப்பசி மழையில் ஒன்று காட்டும் பிட், மீட்டருக்கு எப்படிச் சாட்சி சொல்லும்? எர்த் வயரைத் தாடையால் கவ்வி அளக்கும் கிளாம்ப் வகை டெஸ்டர் என்றால் கூடவே ஒரு சோதனை வளையம் வந்திருக்கும், அதைத் தேடி எடுங்கள். தாடை முகத்தைத் துடைத்துவிட்டு அளக்க வேண்டும். அங்கே ஒட்டிய தூசியே அளவைக் கெடுக்கும்.

குறைந்த ஓம்களில் பதற்றப்படாமல் இருக்க ஒரு கணக்கு. மேனுவலில் ±(2% + 3 டிஜிட்) என்று போட்டிருந்தால், 0.20 ஓமில் 2% என்பது வெறும் 0.004, ஆனால் 3 டிஜிட் என்பது, மீட்டர் 0.01 வரை காட்டினால், கடைசி இலக்கத்தில் 3, அதாவது 0.03. இரண்டும் சேர்ந்தால் 17% வரை ஏறி இறங்கலாம், அதுவும் மீட்டர் நல்ல நிலையில் இருக்கும்போதே. இதே கணக்கில் பெட்டியின் 1 ஓமுக்கு 0.95 முதல் 1.05 வரை எது வந்தாலும் குற்றமில்லை. லீடின் தடையை முதலில் கழித்துவிட்டுப் பாருங்கள்.

ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் சப்ளையை அறுக்கும் ஸ்விட்ச்) டெஸ்டருக்கு ஒரே 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபியை ஒதுக்கி வைத்து ஒவ்வொரு மாதமும் ட்ரிப் நேரத்தை ஒப்பிடலாம். லூப் டெஸ்டருக்கு (ஃபால்ட் மின்சாரம் சுற்றி வரும் பாதையின் தடையை அளப்பது) மெயின் போர்டு பக்கத்தில் ஒரு சாக்கெட் போதும், ட்ரான்ஸ்ஃபார்மர் மாறாதவரை. இவை தோராயமான சோதனைகள்தான், பெரிய பிசகை மட்டும் காட்டிக்கொடுக்கும்.

எல்லாவற்றையும் மாதம் ஒருமுறை ஒரு நோட்டில் எழுதுங்கள். எண் விலகினால் முதலில் லீடு, கிளிப் துரு, பேட்டரி ஆகியவற்றைப் பாருங்கள். என் அனுபவத்தில் பாதிக்குமேல் அங்கேயே முடிந்துவிடும். அதற்குப் பிறகும் விலகல் நின்றால் மீட்டரைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, நோட்டில் கடைசியாகச் சரியாக வந்த தேதிக்குப் பிறகு அந்த மீட்டரில் அளந்த மோட்டார், பேனல் எல்லாவற்றையும் வேறு மீட்டரில் திரும்ப அளக்க வேண்டும். மாதா மாதம் பார்த்திருந்தால் அது ஒரு மாத வேலை. லேப் ஸ்டிக்கரை மட்டும் நம்பியிருந்தால் ஒரு வருடத்து டெஸ்ட் ரிப்போர்ட் அத்தனையும் சந்தேகத்துக்கு வந்துவிடும்.