600 ஹார்ஸ்பவர் டர்போ காருக்கு ஃபியூயல் லைன் ஃபிட்டிங்குகளை எப்படித் தேர்ந்தெடுப்பது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி: டர்போ காரை 600 ஹார்ஸ்பவருக்குக் கொண்டுபோகிறீர்கள். பெரிய பம்பும் இன்ஜெக்டரும் வாங்கியாயிற்று. பின்னால் ஈ85க்கு (85 சதவீதம் வரை எத்தனால் கலந்த எரிபொருள்) மாறும் எண்ணமும் இருக்கிறது. டேஷ் 6 போதுமா, டேஷ் 8 வேண்டுமா, குழாய்களை இணைக்கும் இத்தனை வகை ஃபிட்டிங்கில் எதை வாங்குவது என்று கேட்கிறீர்கள்.

அளவை முதலில் முடித்துவிடுவோம், ஏனென்றால் அது சுலபம். டேஷ் எண் என்பது ஓர் அங்குலத்தில் பதினாறில் எத்தனை பங்கு என்ற கணக்கு. டேஷ் 6 என்றால் 6/16, அதாவது 3/8 அங்குல வெளிவிட்டம் உள்ள உலோகக் குழாய்க்கு உரிய அளவு. டேஷ் 8 அரை அங்குலம். டர்போ இன்ஜினுக்கு ஒரு ஹார்ஸ்பவருக்கு மணிக்கு ஏறத்தாழ 0.27 கிலோ பெட்ரோல் என்று வைத்துக்கொண்டால், 600க்கு 162 கிலோ, சுமார் 220 லிட்டர். ஈ85 என்றால் 300 லிட்டரைத் தொடும். டேஷ் 6 ஹோஸின் உள்விட்டம் 8.5 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். அதில் மணிக்கு 300 லிட்டர் போனால் வேகம் விநாடிக்கு ஒன்றரை மீட்டர்தான். நேரான நாலு மீட்டர் ஹோஸில் நான் போட்ட கணக்கில் அழுத்த இழப்பு சுமார் 0.1 பார். ஆக, உங்கள் இலக்குக்கு டேஷ் 6 தாங்கும். ஆனால் ரிட்டர்ன் லைன் (மிச்ச எரிபொருளை டேங்குக்குத் திருப்பும் குழாய்) உள்ள அமைப்பில் இன்ஜின் குடிப்பது மட்டுமல்ல, பம்ப் தள்ளுவது முழுவதும் ஃபீட் லைன் (டேங்கிலிருந்து இன்ஜினுக்குப் போகும் குழாய்) வழியாகத்தான் போகும். பெரிய பம்ப் வாங்கியிருப்பதாலும் ஈ85 எண்ணம் இருப்பதாலும், ஃபீட் டேஷ் 8, ரிட்டர்ன் டேஷ் 6 என்று போடுங்கள் என்பேன். ரிட்டர்னை அதற்குக் கீழே குறைக்காதீர்கள். ரிட்டர்ன் நெருக்கமானால் ஐடிலில் ரெகுலேட்டரை (எரிபொருள் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு) எவ்வளவு தளர்த்தினாலும் அழுத்தம் இறங்காது.

பம்ப் டேங்குக்கு வெளியே இருந்தால் அதற்கு உறிஞ்சும் பக்கத்தை இன்னும் பெரிதாக வையுங்கள். பம்ப் தள்ளுவதில் கெட்டி, இழுப்பதில் வீக். அந்தப் பக்கம் நெருக்கினால் எரிபொருள் குழாய்க்குள்ளேயே ஆவியாகிக் குமிழி விடும்.

சரி, அளவு முடிந்தது. ஃபிட்டிங் தேர்வில் ஆட்கள் உண்மையில் தடுக்கி விழுவது வேறு இடத்தில். ஒவ்வொரு மூட்டும் எதை வைத்து அடைக்கிறது என்று தெரியாமலே வாங்குகிறார்கள். மரை சேர்ந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பார்கள். பெரும்பாலான ஃபிட்டிங்குகளில் மரை எதையும் அடைப்பதில்லை. இழுத்துப் பிடிப்பது மட்டுமே அதன் வேலை.

ஏஎன் ஃபிட்டிங்கில் அடைப்பு நடப்பது 37 டிகிரி கூம்பு முகத்தில், உலோகத்தோடு உலோகம் அழுந்தி. ஓஆர்பி என்பதில் மரை நேரானது, அடிவாரத்தில் ஓ ரிங் இருக்கும், அடைப்பது அந்த ரப்பர் வளையம். என்பிடி ஒன்றில்தான் மரையே அடைக்கிறது. அது போகப்போகக் குறுகும் மரை, அதனால் சீலன்ட் வேண்டும். ரெயிலிலும் (இன்ஜெக்டர்களுக்கு எரிபொருள் பிரித்துத் தரும் குழாய்) ரெகுலேட்டரிலும் மெட்ரிக் மரை வந்தால் அங்கே நசுங்கும் வாஷரோ ஓ ரிங்கோ அடைக்கும்.

ஏமாற்றும் இடம் ஒன்று சொல்கிறேன். ஏஎன் டேஷ் 8க்கும் ஓஆர்பி டேஷ் 8க்கும் மரை ஒன்றே, 3/4 அங்குலம், அங்குலத்துக்கு 16. ரெயிலின் ஓஆர்பி துளையில் வெறும் ஏஎன் ஃபிட்டிங்கைத் திருகினால் அழகாக உள்ளே போகும், கெட்டியாகவும் உட்காரும். ஆனால் உள்ளே கூம்பு தொடுவதற்கு எதுவும் இல்லை, வெளியே ஓ ரிங்கும் இல்லை. பம்ப் ஓடியதும் பெட்ரோல் மரை வழியே வெளியே வரும். இன்னொன்று: பழைய வாகனங்களிலும் குளிர்சாதன வேலையிலும் வரும் 45 டிகிரி ஃபிளேர் (விரித்த கூம்பு முனை). டேஷ் 8 அளவில் அதற்கும் இதே மரைதான். நட்டு ஏறும். 37 டிகிரியும் 45 டிகிரியும் ஒரு மெல்லிய கோட்டில் மட்டும் தொடும், கசியும். அதை நிறுத்த ஆட்கள் இன்னும் இறுக்குவார்கள், அலுமினியக் கூம்பு பிளந்துபோகும்.

அதனால் வாங்குவதற்கு முன் ஒரு தாளை எடுத்து டேங்கிலிருந்து ரெயில் வரை, ரெயிலிலிருந்து ரெகுலேட்டர் வழியே டேங்க் வரை கோடு போடுங்கள். ஒவ்வொரு துளையின் பக்கத்திலும் அது என்ன மரை, எதை வைத்து அடைக்கிறது என்று எழுதுங்கள். சந்தேகம் வந்தால் வெர்னியரும் மரை கேஜும் வைத்து அளந்து பாருங்கள். 1/8 என்பிடியில் அங்குலத்துக்கு 27 மரை, 1/8 பிஎஸ்பி என்ற பிரிட்டிஷ் குழாய் மரையில் 28. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், இரண்டு சுற்று சேரவும் செய்யும். அப்புறம் அந்தப் படத்தைப் பார்த்து, எந்த மூட்டை இல்லாமல் செய்யலாம் என்று யோசியுங்கள். அடாப்டர் மேல் அடாப்டர் போட்டு முடிப்பதைவிட, அந்தத் துளைக்கு நேராகப் பொருந்தும் ஒரே ஃபிட்டிங்குக்குக் கொஞ்சம் காத்திருப்பது மேல். ஒரு மூட்டு குறைந்தால் கசிய ஓர் இடம் குறைகிறது.

தேர்வு உங்கள் கையில் இருக்கும் இடங்களில் ஓஆர்பி எடுங்கள். என்பிடியைக் கேஜ், சென்சார் மாதிரிச் சின்னத் துளைகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அங்கேயும் டெஃப்ளான் டேப்பைத் தவிர்த்து, எரிபொருள் தாங்கும் பேஸ்ட் சீலன்ட்டை முதல் மரையை விட்டுத் தடவுங்கள். டேப்பின் நூல் அறுந்து உள்ளே போனால் இன்ஜெக்டரின் குட்டி ஃபில்டரில்தான் போய் நிற்கும். ஏஎன் கூம்பில் டேப்புக்கு எந்த வேலையும் இல்லை.

அடுத்து ஹோஸ். ஈ85 எண்ணம் இருப்பதால் பிடிஎஃப்இ (டெஃப்ளான்) உள்குழாய் உள்ளதை வாங்குங்கள். சாதாரண ரப்பர் ஹோஸ் எத்தனாலில் காலப்போக்கில் கெடும், பெட்ரோல் வாடையும் அதன் சுவர் வழியே கசியும். பிடிஎஃப்இயில் கார்பன் கலந்த கருப்பு உள்குழாய் கேளுங்கள். எரிபொருள் வேகமாக ஓடும்போது நிலைமின்சாரம் சேரும். வெள்ளை பிடிஎஃப்இ அதைக் கடத்தாது, பொறி பறந்து சுவரில் ஊசித்துளை விழும். முக்கியமாக, பிடிஎஃப்இ ஹோஸுக்குரிய ஃபிட்டிங் வேறு, ரப்பர் ஹோஸுக்குரியது வேறு. பிடிஎஃப்இ ஃபிட்டிங்கில் உள்குழாய்க்கும் வெளிப் பின்னலுக்கும் நடுவே போகும் சின்ன உலோக வளையம் ஒன்று இருக்கும். வெளியே இரண்டும் ஒரே நிறம், ஒரே வடிவம். மாற்றிப் போட்டால் அழுத்தத்தில் ஹோஸ் கழன்றுவிடும். ஓ ரிங்குகளை எத்தனால் தாங்கும் வைட்டான் ரப்பராக வாங்குங்கள். டேங்குக்கு உள்ளே மூழ்கிக் கிடக்கும் துண்டு ஹோஸுக்கு எஸ்ஏஇ ஜே30ஆர்10 என்று அச்சிட்டது வேண்டும். ஜே30ஆர்9 உள்ளே எரிபொருள் ஓடுவதற்கானது, வெளியே எரிபொருளில் ஊறுவதற்கானதல்ல.

வளைவு ஃபிட்டிங்கில் குழாயை வளைத்துச் செய்ததை எடுங்கள். ஒரே கட்டியில் இரண்டு பக்கமும் துளையிட்டுச் செய்த 90 டிகிரியில் உள்ளே கூர்மையான மூலை இருக்கும், துளையும் சிறியதாக இருக்கும். விட்டம் 8.5லிருந்து 6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் வேகம் இரட்டிப்பாகும், அந்த இடத்தின் இழப்பு நான்கு மடங்காகும். இரண்டு 45 டிகிரி போட முடிந்தால் ஒரு 90ஐத் தவிர்க்கலாம்.

இப்போது என் அனுபவம். பொருளைச் சரியாக வாங்கினால் மட்டும் போதாது என்று எனக்குப் புரிய வைத்தது இது. என் டர்போ காரில் ரப்பர் பின்னல் ஹோஸ் போட்டு நானே பூட்டினேன். ஐடிலில் ரெயில் அழுத்தம் 3 பார், அசையவில்லை. முழு பூஸ்டில் (டர்போ தரும் காற்றழுத்தம்) 5500 சுற்றைத் தாண்டினால், பூஸ்டோடு சேர்ந்து ஏற வேண்டிய ரெயில் அழுத்தம் இறங்கியது. பம்பை மாற்றினேன், ஃபில்டரை மாற்றினேன், வயரிங்கைத் தடிமனாக்கினேன். அதே கதை. கடைசியில் பம்பை ஒட்டி இன்னொரு கேஜ் போட்டேன். ஐடிலில் ரெயிலில் 3, பம்ப் பக்கம் நாலரை. நடுவில் எங்கோ அடைபட்டிருக்கிறது. ஹோஸைக் கழற்றி ஒரு முனையில் டார்ச்சை வைத்து மறுமுனையில் பார்த்தேன். வட்டமாகத் தெரிய வேண்டிய வெளிச்சம் பிறை மாதிரி தெரிந்தது. ஃபிட்டிங்கை ஹோஸுக்குள் திருகும்போது அதன் நிப்பிள் (உள்ளே நுழையும் குழல் முனை) உள் ரப்பரை நாக்கு மாதிரி சீவி மடித்துவிட்டிருந்தது. எரிபொருள் ஓடும்போது அந்த நாக்கு எழுந்து வழியை மறித்திருக்கிறது. எரிபொருள் குறைந்த ஒல்லியான கலவையில் அந்த பிஸ்டன்கள் பிழைத்தது, நான் ஒவ்வொரு முறையும் உடனே காலை எடுத்ததால்தான்.

அதற்குப் பிறகு நான் பூட்டும் விதம் இது. வெட்டும் இடத்தில் டேப்பைச் சுற்றி, நேராக வெட்டுவேன். உள்ளே காற்றடித்துத் துகளை வெளியேற்றுவேன். ஹோஸை ஃபிட்டிங்கின் வெளி மூடியான சாக்கெட்டின் அடிமட்டம் வரை தள்ளி, ஓரத்தில் பேனாவால் கோடு போடுவேன். இறுக்கும்போது அந்தக் கோடு நகர்ந்தால் ஹோஸ் பின்வாங்குகிறது, கழற்றி மறுபடி போட வேண்டும். நிப்பிளுக்கு எண்ணெய் தடவி, மெதுவாகத் திருகுவேன். முடிந்ததும் ஒவ்வொரு ஹோஸையும் டார்ச் வைத்துப் பார்க்காமல் காரில் ஏற்றுவதில்லை.

டேங்க் மேலே கம்பெனி குவிக் கனெக்ட் (தள்ளினாலே பூட்டும்) முனை இருந்தால் அதற்கு ஏஎன் அடாப்டர் கிடைக்கும். பிளாஸ்டிக் கிளிப்பை மட்டும் நம்பும் வகையைவிட, மூடியைத் திருகிப் பூட்டும் வகையை எடுங்கள். அடிப்படை அழுத்தம் 3 பார், பூஸ்ட் 2 பார் என்றால் ரெயிலில் 5 பார் நிற்கும், அந்த அழுத்தத்தில் கிளிப் ஒன்று விட்டால் சூடான எக்ஸாஸ்ட் பக்கத்தில் பெட்ரோல் பீய்ச்சும். ஸ்டீல் பின்னல் ஹோஸ் உரசும் எதையும் ரம்பம் மாதிரி அறுக்கும் என்பதால், ரப்பர் பதித்த கிளாம்ப் போட்டு அசையாமல் பிடித்து வையுங்கள்.

எல்லாம் பூட்டியதும் இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் பம்பை மட்டும் ஓடவிடுங்கள், தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். பத்து நிமிடம் ஓடட்டும். வெள்ளைத் தாளால் ஒவ்வொரு மூட்டையும் துடைத்து, தாள் ஈரமாகிறதா என்று பாருங்கள். அப்புறம் இன்ஜின் ஒருமுறை முழுச் சூடாகி ஆறிய பிறகு இதையே மறுபடி செய்யுங்கள். முதல் ஓட்டங்களில் ரெயில் அழுத்தத்தையும் பூஸ்டையும் சேர்த்துப் பதிவு (லாக்) எடுங்கள். ரெயில் அழுத்தத்திலிருந்து பூஸ்டைக் கழித்தால் வரும் எண், ஐடிலிலும் ரெட்லைனிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ரெட்லைனில் அது குறைந்தால் காலை எடுத்துவிட்டு, பம்ப் பக்கம் ஒரு கேஜைப் போட்டு அங்கிருந்து தேட ஆரம்பியுங்கள்.