ஜேக்கப்சன் சர்ச்சை: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

சார், யார் இந்த மார்க் ஜேக்கப்சன்?

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர். மின்சாரம் மட்டுமில்லை, வாகனம், தொழிற்சாலை உட்பட அமெரிக்கா முழுவதையும் காற்று, நீர், சூரிய சக்தியைக் கொண்டே 2050-55 வாக்கில் மின்வெட்டில்லாமல் ஓட்டலாம் என்று 2015-இல் பி.என்.ஏ.எஸ். (PNAS) என்ற அறிவியல் இதழில் குழுவாகக் கட்டுரை வெளியிட்டார்.

எதிர்த்தவர்கள் நிலக்கரி ஆட்கள்தானே?

இல்லவே இல்லை. 2017-இல் அதே இதழில் மறுப்பு எழுதிய கிறிஸ்டோபர் கிளாக் முதலான 21 ஆய்வாளர்களும் கார்பனைக் குறைக்கத்தான் வேண்டும் என்பவர்கள். அவர்கள் பிடித்தது அணைக் கணக்கை. அமெரிக்காவின் வழக்கமான நீர்மின் நிலையங்களின் மொத்தத் திறன் சுமார் 80 ஜிகாவாட். ஜேக்கப்சனின் கணினி மாதிரியில், காற்றும் வெயிலும் குறையும் சில நேரங்களில் அது 1,300 ஜிகாவாட் வரை போகிறது! அந்நாட்டின் மிகப் பெரிய நீர்மின் நிலையமான கிராண்ட் கூலியே 6.8 ஜிகாவாட்தான்; அதைப்போல 190 வேண்டும்.

பழைய அணைகளிலேயே டர்பைன்களைக் கூட்டலாம், ஆண்டு மொத்தத்தில் ஓடும் தண்ணீர் மாறாது என்பது அவர் பதில். சரி, அவ்வளவு தண்ணீரை ஒரே சமயத்தில் திறந்துவிட்டால் கீழே ஆற்றங்கரையில் இருப்பவர்கள் கதி? கூடுதல் டர்பைனுக்கும் மின்தடத்துக்கும் ஆகும் செலவு? இதில் அந்த 21 பேர் பக்கம்தான் நியாயம் என்பேன்.

வழக்கே போட்டாராமே?

ஆமாம். 2017 செப்டம்பரில் கிளாக் மீதும், இதழை நடத்தும் தேசிய அறிவியல் கழகத்தின் மீதும் ஒரு கோடி டாலர் கேட்டு அவதூறு வழக்கு. 2018 பிப்ரவரியில் அவரே திரும்பப் பெற்றார். அப்புறம் எதிர்த்தரப்பின் வழக்குச் செலவும் அவர் தலையில் விழுந்தது. மறுப்புக்கு மறுப்பு எழுத அதே இதழில் இடம் கிடைத்தது, எழுதியும் இருந்தார். அதற்கு மேல் நீதிமன்றம் போனது பெரிய தவறு. இளம் ஆய்வாளர்கள் அடுத்த முறை பேனாவை எடுக்கவே பயப்படுவார்களே!

அணுமின்சாரத்தை ஏன் ஒதுக்கினார், அண்ணா?

செலவு, கட்டி முடிக்க ஆகும் காலம், அணு ஆயுதப் பரவல். 2009-ஆம் ஆண்டுக் கட்டுரையில், அணு ஆயுதப் போரில் நகரங்கள் எரிந்தால் வரும் புகையையும் அணுமின்சாரத்தின் கணக்கில் சேர்த்தார். எனக்கு அது ஏற்புடையதல்ல.

அப்படியானால் அவரால் பயனே இல்லையா?

நிறைய உண்டு. 'நூறு சதவீதம்' என்ற இலக்கை அரசியல் மேடைக்குக் கொண்டுவந்ததில் அவருக்குப் பெரிய பங்கு. செனட்டர் பெர்னி சாண்டர்ஸ் 2017-இல் அவரோடு சேர்ந்து பத்திரிகையில் எழுதினார். ஆனால் கலிஃபோர்னியா 2018-இல் இயற்றிய சட்டத்தைப் பாருங்கள்: 2045-க்குள் நூறு சதவீதம் என்கிறது, ஆனால் அதில் புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தோடு கார்பன் இல்லாத பிற மின்சாரமும் சேரலாம் என்கிறது. அணுமின்சாரத்துக்கு அதில் கதவை மூடவில்லை.