பிரபலங்களின் கையெழுத்து அசலா, அரிதானதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? சான்றிதழ் இருந்தால் நம்பி வாங்கலாமா?

சான்றிதழைக் கடைசியில் பாருங்கள். முதலில் பார்க்க வேண்டியது கையெழுத்தின் கோடுகளை.

போலி போடுபவர் எழுத்தின் வடிவத்தை அச்சு அசலாகக் கொண்டுவந்துவிடுவார். வேகத்தைக் கொண்டுவருவதுதான் கஷ்டம். போட்டுப் போட்டுப் பழகிய கை, பேனா காகிதத்தைத் தொடும் முன்பே நகர ஆரம்பித்துவிடும். அதனால் கோடு மெலிதாகத் தொடங்கி, முடிகிற இடத்திலும் இழுபட்டு மெலிந்து போகும். பார்த்து வரைபவரின் கோடு மொட்டையாகத் தொடங்கி மொட்டையாக நிற்கும். வளைவுகளில் லேசான நடுக்கம் இருக்கும். பாதியில் பேனாவை எடுத்து மறுபடி வைத்த இடத்தில் மை திட்டாகத் தேங்கியிருக்கும். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று இருந்தால் இதெல்லாம் நன்றாகவே தெரியும்.

ஆனால் நடுக்கம் என்றாலே போலி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். முகமது அலிக்கு 1984-ல் பார்க்கின்சன் நோய் என்று கண்டறிந்தார்கள். அதற்குப் பிறகு அவர் போட்ட கையெழுத்துகள் வர வரச் சுருங்கி, நடுங்கித்தான் இருக்கும். பிற்காலத்துப் படத்தில் இளமைக்கால வீச்சோடு ஒரு கையெழுத்து இருந்தால் அதுதான் சந்தேகத்துக்குரியது. ஒப்பிடும் மாதிரிகள் அதே காலத்தைச் சேர்ந்தவையாக இருக்க வேண்டும் என்பது இதனால்தான்.

ஆட்டோபென் தனி ரகம். நிஜப் பேனாவைப் பிடித்து இயந்திரம் போடுவது, ஆகவே மையும் நிஜம். 2022-ல் அமெரிக்கப் பாடகர் பாப் டிலனின் நூலை, அவரே கையெழுத்திட்ட பிரதி என்று சுமார் 600 டாலருக்கு விற்றார்கள். வாங்கியவர்கள் படங்களை இணையத்தில் போட்டு ஒப்பிட்டபோது ஒரே வார்ப்பில் கையெழுத்துகள் திரும்பத் திரும்ப வந்தது தெரிந்துவிட்டது. பதிப்பகம் பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. ஒரே ஆள் இரண்டு முறை மயிரிழை பிசகாமல் கையெழுத்துப் போட முடியாது. இரண்டு படங்களை ஒன்றின்மேல் ஒன்று வைத்துச் சரியாகப் பொருந்தினால் வாங்காதீர்கள்.

அப்புறம் காலக் கணக்கு. பேஸ்பால் வீரர் பேப் ரூத் இறந்தது 1948-ல். மார்க்கர் பேனா பரவலானது 1960-களில். மார்க்கரில் அவர் கையெழுத்து என்றால் மேற்கொண்டு ஆராய ஒன்றுமில்லை. காகிதமும் காட்டிக்கொடுக்கும். 1983-ல் ஹிட்லரின் நாட்குறிப்பு என்று வந்தவை போலி என்று நிரூபிக்க, போருக்குப் பிறகே புழக்கத்துக்கு வந்த வெளுப்பூட்டி அந்தத் தாளில் இருந்ததும் ஒரு சான்று. புற ஊதா விளக்கில் அத்தகைய தாள் நீலமாக ஒளிரும்.

சரி, சான்றிதழுக்கு வருகிறேன். அதை யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். 1990-களில் அமெரிக்காவின் எஃப்பிஐ ஒரு பெரிய போலிக் கையெழுத்துக் கும்பலை வளைத்தபோது, அன்னை தெரசா கையெழுத்திட்ட பேஸ்பால் பந்துகள்கூடச் சிக்கின. அந்தக் கும்பல் விற்ற சரக்கு சான்றிதழோடுதான் சந்தைக்கு வந்தது. போலி என்று தெரியவந்தால் எப்போது வேண்டுமானாலும் முழுப் பணமும் திரும்ப வரும் என்று விற்பவர் எழுதிக் கொடுத்தால், என்னைப் பொறுத்தவரை அதற்கு மதிப்பு அதிகம்.

அரிது என்பதும் புகழ் என்பதும் வேறு வேறு. அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர்கள் 56 பேர். அவர்களில் பட்டன் க்வின்னெட்டைப் பலருக்குத் தெரியாது. அடுத்த ஆண்டே, 1777-ல், துப்பாக்கிச் சண்டையில் இறந்துவிட்டார். அவர் கையெழுத்து இன்று ஐம்பது சொச்சம்தான் இருக்கிறது. 56 பேரையும் சேர்க்க நினைப்பவர்களுக்கு அவர் இல்லாமல் தொகுப்பு நிறையாது, அதனால் அதே 56 பேரில் ஒருவரான, பின்னாளில் அதிபரான ஜெஃபர்சனைவிட அவர் கையெழுத்துக்கு விலை அதிகம். நீல் ஆம்ஸ்ட்ராங் கதை வேறு. நிறையவே போட்டுக் கொடுத்தவர், 1994 வாக்கில் நிறுத்திக்கொண்டார். கையெழுத்துகள் ஏராளமாக இருந்தும் தேவை குறையவில்லை, போலிகளும் குறையவில்லை.

"மிக அரிது" என்று யாராவது விலை சொன்னால், அதே ஆளின் கையெழுத்து கடந்த ஓரிரு வருடங்களில் எத்தனை முறை ஏலத்துக்கு வந்திருக்கிறது என்று பழைய ஏல முடிவுகளில் தேடிப் பாருங்கள். மாதம் தவறாமல் வந்துகொண்டிருந்தால் தாராளமாக விலையைக் குறைத்துக் கேட்கலாம்.