சம்பளம் தராத விமான நிறுவனத்தில் இன்னும் எத்தனை மாதம் காத்திருப்பது?

கேள்வி: நானும் கணவரும் ஒரே விமான நிறுவனத்தில் வேலை செய்கிறோம். நான் பாயான் லெப்பாஸ் விமான நிலையக் கவுண்டரில் 6 வருடமாக இருக்கிறேன், சம்பளம் 3,200 ரிங்கிட். அவர் லைசென்ஸ் எடுத்த விமானப் பராமரிப்பு டெக்னீஷியன், 5,600 ரிங்கிட். போன மாதம் பாதிச் சம்பளம்தான் வந்தது, இந்த மாதம் ஒன்றுமே வரவில்லை. புது முதலீட்டாளர் வருகிறார், பொறுத்துக்கொள்ளுங்கள் என்கிறார்கள். மூன்று மாதம் சம்பளமில்லா விடுப்புக்குச் சம்மதம் என்று ஒரு ஃபாரத்தையும் நீட்டியிருக்கிறார்கள். வீட்டுக் கடன் மாதம் 1,450. கையில் 18,000 ரிங்கிட் ஃபிக்ஸட் டெபாசிட்டில் இருக்கிறது. எங்கள் கம்பெனி மூடினால் மற்ற விமான நிறுவனங்களுக்குத்தானே லாபம், 15,000-க்கு அவர்களுடைய ஷேரை வாங்கிப் போடலாம் என்கிறார் கணவர். இருப்பதா, விலகுவதா? — சுங்கை ஆரா வாசகி

பதில்: முதலில் அந்த ஃபாரம். இரண்டு பேருமே கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் சம்மதம் இல்லாமல் சம்பளமில்லா விடுப்பைத் திணிக்க முடியாது, அதனால்தான் ஃபாரத்தோடு வருகிறார்கள். போட்டுவிட்டால் அந்த மூன்று மாதத்துக்கு அவர்கள் உங்களுக்கு ஒரு சென்கூடப் பாக்கி இல்லை என்றாகிவிடும், நாளைக்குக் கம்பெனி மூடும்போது கேட்பதற்கு உங்களிடம் கணக்கே இருக்காது.

இப்போது பெரிய கேள்விக்கு வருவோம். வராமல் நிற்கும் ஒவ்வொரு மாதச் சம்பளமும் நீங்கள் முதலாளிக்குக் கொடுக்கும் கைமாற்று, வட்டியும் கிடையாது, அடமானமும் கிடையாது. அதை வாங்குகிறவரிடம் என்ன சொத்து இருக்கிறது என்று பாருங்கள். ஒரு தொழிற்சாலை மூடினால் நிலம், கட்டடம், மெஷின் என்று விற்க ஏதாவது மிஞ்சும். விமான நிறுவனத்தில் பெரும்பாலும் விமானமே வாடகை. வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர் வாடகை வராவிட்டால் தன் விமானத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவார், விமானக் கடன், வாடகை பற்றிய கேப் டவுன் சர்வதேச ஒப்பந்தத்தில் மலேசியா சேர்ந்திருப்பதால் அதற்கு வழி தெளிவாகவே இருக்கிறது. நீங்கள் நிற்கும் கவுண்டர் விமான நிலையத்தினுடையது. அடுத்த மாதம் பறக்கப் போகிறவர் கட்டிய டிக்கெட் காசு நேற்றைய எண்ணெய்க்குப் போயாகிவிட்டது. 2016 கம்பெனிகள் சட்டப்படி, நிறுவனத்தைக் கலைக்கும்போது அதற்கான செலவு போக அடுத்தபடியாகத் தொழிலாளர் சம்பளம், கடைசி நான்கு மாதத்துக்கு, தலைக்கு 15,000 ரிங்கிட் வரை என்று முன்னுரிமை இருக்கிறது. உரிமை நல்ல உரிமைதான், ஆனால் பெட்டி காலியாக இருந்தால் வரிசையில் முன்னால் நின்று என்ன செய்வது?

மைஏர்லைன் கதை உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. 2022 டிசம்பர் 1-ஆம் தேதி பறக்க ஆரம்பித்தது, 2023 அக்டோபர் 12-ஆம் தேதி நிறுத்தியது, ஒரு வருடம்கூட முழுசாக ஓடவில்லை. பயணிகள் விமான நிலையத்தில், ஊழியர்கள் சம்பளப் பாக்கியோடு லேபர் ஆபிஸ் வாசலில். அதற்கு முன்னால் ராயானி ஏர், 2015 டிசம்பரில் தொடங்கி 2016 ஜூனில் லைசென்ஸ் ரத்து. ஏர் ஏசியா எக்ஸ் மூடவில்லை, தப்பித்தது, ஆனால் எப்படி? 2021-இல் விமானங்களை வாடகைக்கு விட்டவர்கள் உட்பட அதன் கடன்காரர்கள் 0.5 விழுக்காட்டுக்கு ஒத்துக்கொண்டார்கள். நூறு ரிங்கிட்டுக்கு ஐம்பது சென்! வக்கீல் பட்டாளத்தோடு வந்தவர்களுக்கே அவ்வளவுதான்.

மாஸ் (மலேசியா ஏர்லைன்ஸ்) மட்டும் கைவிடவில்லையே என்பீர்கள். 2015-இல் சுமார் 20,000 பேருக்கும் பணிநீக்கக் கடிதம் கொடுத்து, அதில் ஏறக்குறைய 14,000 பேரைப் புதுக் கம்பெனிக்கு எடுத்தார்கள், அதற்குப் பின்னால் அரசு முதலீட்டு நிறுவனமான கஸானாவின் 6 பில்லியன் ரிங்கிட் திட்டம் நின்றது. உங்கள் கம்பெனிக்குப் பின்னால் கஸானா இல்லை. பிழைத்து வந்தாலும் தொழிலாளிதான் விலை கொடுக்கிறான் என்பதற்கு அமெரிக்காவைப் பாருங்கள், யுனைடெட் 2002-இல் திவால் பாதுகாப்புக்குள் போய் 2006-இல் வெளியே வந்தது, நடுவில் 2005-இல் ஊழியர்களின் பென்ஷன் திட்டங்களைக் கைகழுவிவிட்டது. ஆகவே அந்த முதலீட்டாளர் நிஜமாகவே வந்தாலும் பழைய பாக்கி முழுசாக வரும் என்று நினைத்துக்கொண்டு உட்கார வேண்டாம்.

அதனால் என் பதில், விலகுங்கள், மூடும் நாள் வரை இருக்காதீர்கள். இது பாக்கிப் பணத்துக்காக மட்டும் சொல்லவில்லை. ஷட்டர் இறங்கும் அன்று உங்களைப் போலவே கவுண்டர் அனுபவம் உள்ள அத்தனை பேரும் ஒரே காலையில் அதே மூன்று நான்கு நிறுவனங்களின் கதவைத் தட்டுவார்கள், சம்பளம் பேசும் பலம் யாருக்கும் இருக்காது. இன்றைக்குப் போனால் நீங்கள் இரண்டு பேர்தான்.

உங்கள் வீட்டுக்காரரின் லைசென்ஸில் ஏர்பஸ் 320 இருந்தால் ஏர் ஏசியா பக்கம், போயிங் 737 இருந்தால் மாஸ், பாத்தேக் ஏர் பக்கம், இரண்டுக்குமே சிங்கப்பூர் செலேத்தாரிலும் சாங்கியிலும் பராமரிப்புக் கம்பெனிகள் இருக்கின்றன. ஆனால் இந்த வாரமே அவர் ஒரு காரியம் செய்ய வேண்டும். செய்த வேலைகளின் லாக் புத்தகத்தில் விட்டுப்போன பக்கங்களை எல்லாம் எடுத்து மேலதிகாரியிடம் கையெழுத்து வாங்கிவிடச் சொல்லுங்கள், பயிற்சிச் சான்றிதழ்களின் நகலையும் எடுத்துக்கொள்ளட்டும். கம்பெனி மூடிய பிறகு அந்த மேலதிகாரி கத்தாரில் இருப்பார், கையெழுத்துக்கு எங்கே போவது? பயிற்சி பாண்ட் (பயிற்சிக்குப் பதிலாக இத்தனை வருடம் வேலை செய்வேன் என்ற ஒப்பந்தம்) ஏதாவது போட்டிருந்தால் அதன் நகலும் வேண்டும். நீங்கள் விமான நிறுவனத்தையே தேட வேண்டும் என்பதில்லை. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகள் ஏற்றுமதி செய்வதில் நிறைய விமான சரக்காகத்தான் போகிறது, அந்த ஃபார்வர்டிங் கம்பெனிகளுக்கு விமான நிலைய நடைமுறை தெரிந்தவர்கள் தேவை.

விலகும் விதம்தான் முக்கியம். 'சொந்தக் காரணங்களுக்காக' என்று ஒரு வரியில் ராஜினாமா எழுதினீர்கள் என்றால் எல்லாம் போச்சு. 1955 வேலைவாய்ப்புச் சட்டப்படி சம்பள காலம் முடிந்த 7 நாளுக்குள் சம்பளம் வர வேண்டும். வராவிட்டால் ஒப்பந்தத்தை முறித்தவர் முதலாளி என்றே சட்டம் எடுத்துக்கொள்கிறது, நீங்கள் நோட்டீஸ் கொடுக்காமலே விலகலாம். ஆகவே கடிதத்தில் எந்த மாதச் சம்பளம் எவ்வளவு பாக்கி என்று தொகையோடு எழுதி, அந்தக் காரணத்தால் விலகுகிறேன் என்று போடுங்கள். அதற்கு முன்னால் லேபர் ஆபிஸில் புகார் கொடுத்துவிட்டு, கடிதத்தின் நகலை அங்குள்ள அதிகாரியிடமே ஒருமுறை காட்டுங்கள், வக்கீல் தேவையில்லை. இப்படி விலகினால் பணிநீக்கச் சலுகை கேட்கும் உரிமையும் போகாது. 4,000 ரிங்கிட்டுக்குள் சம்பளம் என்பதால் அது உங்களுக்கு உண்டு, 5 வருடத்துக்கு மேல் வேலை செய்தவருக்கு வருடத்துக்கு 20 நாள் சம்பளம், உங்கள் கணக்கில் சுமார் 12,600 ரிங்கிட். உங்கள் கணவருக்குச் சட்டத்தில் அது இல்லை, அவருடைய ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான். ஆனால் இந்த 12,600-ஐ நம்பிச் செலவு எதையும் திட்டமிடாதீர்கள், இதுவும் அதே காலிப் பெட்டியிலிருந்துதான் வர வேண்டும்.

நிச்சயமாகக் கைக்கு வரக்கூடியது சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோ தரும் வேலை காப்புறுதி, ஏனென்றால் அது முதலாளியின் பணம் இல்லை. வேலை போன 60 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். முதல் மாதம் சம்பளத்தில் 80 விழுக்காடு, இரண்டாவது மாதம் 50, அப்புறம் 40, 30 என்று இறங்கிக்கொண்டே போகும். உங்களுக்கு முதல் மாதம் 2,560 வரை, அவருக்கு 4,480 வரை. தானாக வேலையை விட்டவருக்கு இது கிடையாது, கடிதத்தின் வாசகத்தைப் பற்றி நான் இவ்வளவு சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம். இன்று இரவே இரண்டு பேரும் இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) ஆன்லைன் கணக்கான ஐ-அக்காவுனைத் திறந்து மாதாமாதம் பணம் ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள், சம்பளம் தடுமாறுவதற்கு முன்னாலேயே அங்கே ஓட்டை விழுவதுண்டு. கட்டாத இபிஎஃப்புக்கு இயக்குநர்களே சொந்தப் பொறுப்பு, அந்தப் புகாரைத் தள்ளிப்போட வேண்டாம்.

ஷேர் விஷயம். உங்கள் கணவர் சொல்வதில் பாதி சரி. போட்டியாளர் ஒருவர் போனால் சில மாதம் டிக்கெட் விலை ஏறும், ஆனால் அந்த வாடகை விமானங்கள் வேறு பெயிண்ட் அடித்துக்கொண்டு வேறு யாரிடமாவது பறக்க வந்துவிடும். இந்தியாவில் 2012-இல் கிங்ஃபிஷர், 2019-இல் ஜெட் ஏர்வேஸ், 2023-இல் கோ ஃபர்ஸ்ட் என்று மூன்று நிறுவனங்கள் படுத்தன. இண்டிகோ சந்தையில் 60 விழுக்காட்டுக்கு மேல் பிடித்தது, சரி. அதே சந்தையில் அதே வாய்ப்பு ஸ்பைஸ்ஜெட்டுக்கும் இருந்தது, அது சம்பளமும் வாடகையும் கொடுக்கவே திணறியது. எது இண்டிகோ, எது ஸ்பைஸ்ஜெட் என்று 2019-இல் உங்கள் கணவர் சொல்லியிருப்பாரா? நம் ஊர் நிறுவனங்களுக்கு உள்நாட்டு டிக்கெட் வருமானம் ரிங்கிட்டில், எண்ணெயும் விமான வாடகையும் டாலரில், போட்டியாளர் போனாலும் அந்தத் தலைவலி போகாது. மாஸ் ஷேரைக் கடைசி வரை வைத்திருந்தவர்களுக்கு 2014-இல் கஸானா கொடுத்தது ஷேருக்கு 27 சென். அதோடு, ஒரே தொழிலில் இரண்டு பேருடைய சம்பளமும் மாட்டிக்கொண்டிருக்கும்போது சேமிப்பையும் கொண்டுபோய் அங்கேயே போடுவது எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

அந்த 18,000 ரிங்கிட் அப்படியே டெபாசிட்டில் இருக்கட்டும், வீட்டுக் கடனுக்கு மட்டும் என்றால் 12 மாதம் தாங்கும். வங்கிக்கு இப்போதே போய் நிலைமையைச் சொல்லித் தவணையைக் குறைத்துக் கேளுங்கள், ஒரு தவணைகூடத் தவறாதவர் கேட்டால் மரியாதையே வேறு. வங்கி இழுத்தடித்தால் கடன் ஆலோசனை நிறுவனமான ஏகேபிகே இலவசமாகவே பேசித் தரும். கம்பெனி கொடுத்த மெடிக்கல் கார்டு வேலையோடு போய்விடும், அதனால் தள்ளிப்போட்ட சிகிச்சை ஏதாவது இருந்தால் விலகுவதற்கு முன்னால் முடித்துவிடுங்கள். கார்டு இன்னும் செல்கிறதா என்று ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டுப் போங்கள், சம்பளம் கொடுக்காதவர்கள் பிரீமியத்தை மட்டும் ஒழுங்காகக் கட்டியிருப்பார்கள் என்று என்ன நிச்சயம்?