தாத்தாவின் சான்ஷின் (வாசகர் கடிதம்)

அன்புள்ள ஐயா,

இரவு வேலை முடிந்து திரும்பும்போது பேருந்தில் பாட்டுக் கேட்பது என் வழக்கம். போன வாரம் தற்செயலாக, ஜப்பானின் ஒகினாவாத் தீவுகளைச் சேர்ந்த பிகின் குழு பாடிய ‘நதா சோசோ’ காதில் விழுந்தது. ஒரு சொல்கூடப் புரியவில்லை. ஆனால் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தவறவிட்டேன். அடுத்ததாக யாரோ பாடிய ‘தின்சகு நு ஹனா’ என்ற ஒகினாவா நாட்டுப்பாட்டு வந்தது. சின்ன வயதில் நான்கு வருடம் வீணை கற்றவன் நான். அது எனக்குக் கம்பீர நாட்டை ராகம் போலவே கேட்டது. பிரமையா? பிகினின் வேறு எந்தப் பாடல்களைக் கேட்கலாம்? “எல்லாம் தாலாட்டு மாதிரி இருக்கு, தூக்கம் வருது” என்கிறான் அறைத்தோழன். அவனுக்கு என்ன சொல்ல?

ரா., கோவை

அன்புள்ள ரா.,

பிரமை இல்லை. ஒகினாவாவின் பழம்பாடல்கள் பலவும் ச க ம ப நி என்ற ஐந்து சுரங்களில்தான் நிற்கின்றன. ரிஷபமும் தைவதமும் கிடையாது. அந்தர காந்தாரம், சுத்த மத்யமம், காகலி நிஷாதம். அப்படியே கம்பீர நாட்டையின் சுரங்கள். ராகம் ஒன்றுதான் என்று சொல்லிவிட முடியாது. நம்மிடம் அந்தச் சுரங்களுக்கு இருக்கும் பிடிப்புகளும் நடையும் அங்கே வேறு. சாமி புறப்பாட்டுக்கு நாகஸ்வரத்தில் மல்லாரி வாசிக்கும்போது தேரடியே அதிர்கிறது அல்லவா, அதே ஐந்து சுரங்களில் அங்கே ஒரு தாய் பிள்ளைக்குப் புத்தி சொல்கிறாள். தின்சகு என்பது காசித்தும்பை. அந்தப் பூவை அரைத்து நகத்துக்குச் சாயம் ஏற்றுவதுபோலப் பெற்றவர் சொல்லை நெஞ்சில் ஏற்றிக்கொள் என்பதுதான் அந்தப் பாட்டு.

பிகினுக்கு வருவோம். எய்ஷோ ஹிகா, மசாரு ஷிமாபுகுரோ, ஹிதோஷி உயேச்சி, மூன்று பேரும் இஷிகாகி தீவுக்காரர்கள், பள்ளித் தோழர்கள். இஷிகாகி, ஒகினாவாவின் தலைநகர் நாஹாவிலிருந்து சுமார் 400 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. தைவான் அதைவிடப் பக்கம். 1990-இல் ‘கொய்ஷிகுத்தே’ என்ற பாடலோடு அறிமுகமானபோது அவர்கள் வாசித்தது அமெரிக்கக் கறுப்பின மக்களின் ப்ளூஸ் சாயலுள்ள இசை. தீவின் வாசனையே அதில் கிடையாது. நல்ல பாட்டு, ஹிகாவின் குரலில் இருக்கும் லேசான கரகரப்புக்காகவே கேட்கலாம். ஆனால் அதிலிருந்து தொடங்க வேண்டாம்.

‘சான்ஷின் நோ ஹனா’விலிருந்து தொடங்குங்கள். 2006-இல் வந்தது. சான்ஷின் என்பது மூன்று தந்தி வாத்தியம், குடத்துக்கு மலைப்பாம்புத் தோல் போர்த்தியிருப்பார்கள். பாட்டின் தொடக்கத்தில் தாத்தா விட்டுப்போன சான்ஷின் ஒன்று வீட்டில் யாரும் தொடாமல் கிடக்கிறது. பிள்ளை பிறந்தபோது கொண்டாட்டத்துக்கென்று வாங்கி வைத்த தீவுச் சாராயத்தின் மேல் சாய்ந்திருக்கிறது. பாடுபவன் விரலால் தூசியைத் துடைக்கிறான். தளர்ந்த தந்தியை முறுக்குகிறான். சின்ன வயதில் கேட்கச் சலிப்பாக இருந்த அதே தீவுப்பாட்டு அதிலிருந்து எழுகிறது. அவ்வளவுதான் முதல் சில வரிகள். அழுகை இல்லை, தாத்தாவைப் பற்றிப் புகழுரை இல்லை. அந்தத் தூசியைத் துடைக்கும் விரல் ஒன்று போதுமாக இருக்கிறது. நான் இதை எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை, அந்த இடத்தில் ஒவ்வொரு முறையும் கையில் இருக்கும் வேலை நின்றுவிடும்.

அப்புறம் ‘ஷிமன்ச்சு நு தகரா’. ‘தீவு மனிதரின் செல்வம்’ என்று பொருள். ஒகினாவா அமெரிக்க நிர்வாகத்திலிருந்து ஜப்பானிடம் திரும்பி 30 ஆண்டுகள் ஆன 2002-இல் வந்தது. நான் பிறந்த தீவின் வானத்தைப் பற்றி எனக்கு என்ன தெரியும், கடலைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டுக்கொண்டே போகும் பாட்டு. தீவுப் பாடல்களைப் பற்றிய சரணத்தில், துபராமா போன்ற பழைய பாடல்களின் சொற்களுக்கு அர்த்தம்கூடத் தெரியாது என்று பாடுபவன் ஒப்புக்கொள்கிறான். துபராமா, இஷிகாகி அடங்கிய யயேயாமா தீவுகளின் காதல் பாட்டு. இஷிகாகியில் இன்றும் ஆண்டுதோறும் அதற்குப் போட்டி நடக்கிறது.

அந்த ஒரு வரியின் கனம் தெரிய வேண்டுமானால் ஒரு மரப்பலகையைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். முன்பு ஒகினாவாவின் பள்ளிகளில், ஜப்பானிய மொழியில் பேசாமல் தாய்மொழியில் பேசிய பிள்ளையின் கழுத்தில் ஒரு பலகையை மாட்டிவிடுவார்கள். வேறொரு பிள்ளை அப்படிப் பேசி மாட்டும்வரை அது இறங்காது. அதனால் பலகையைக் கழற்ற நினைக்கும் பிள்ளை, அடுத்து எவன் வாய் தவறுகிறான் என்று கூட்டாளிகளைக் கவனித்துக்கொண்டிருக்கும். இரண்டாம் உலகப் போருக்குப் பின்னும் இந்த வழக்கம் பல பள்ளிகளில் நீடித்தது. 2009-இல் யுனெஸ்கோ அழியும் மொழிகளின் வரைபடத்தை வெளியிட்டபோது யயேயாமா மொழி கடும் ஆபத்தில் உள்ளவற்றின் வரிசையில் இருந்தது. தன் ஊர்ப்பாட்டின் சொல் புரியாமல் ஒருவன் வளர்ந்ததற்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது. இதைக் கோபமாகப் பாடியிருக்கலாம். அவர்கள் மெதுவாக, ஊரே சேர்ந்து பாடுகிற மெட்டில் பாடினார்கள். உங்கள் அறைத்தோழர் தாலாட்டு என்று நினைப்பது இந்த மென்மையைத்தான். அவரிடம் இந்தப் பலகையைப் பற்றிச் சொல்லிவிட்டு, பிறகு பாட்டைப் போடுங்கள்.

நீங்கள் நிறுத்தத்தைத் தவறவிட்ட ‘நதா சோசோ’வுக்கும் ஒரு கதை உண்டு. மெட்டு பிகினுடையது, வரிகள் பாடகி ரியோகோ மொரியாமா எழுதியவை. மெட்டு அவரிடம் வந்தபோதே அதற்கு அந்தப் பெயர் இருந்தது. கண்ணீர் பொலபொலவென்று உதிர்வதைச் சொல்லும் ஒகினாவாச் சொல் அது. பொருள் கேட்டதும் அவருக்கு இளவயதில் இறந்துபோன அண்ணன் நினைவுக்கு வந்தார். பழைய புகைப்படத் தொகுப்பைப் புரட்டுவதிலிருந்து பாட்டு தொடங்குவது அதனால்தான். அதே இஷிகாகியில் பிறந்த ரிமி நட்சுகாவா 2001-இல் பாடியபிறகுதான் ஜப்பான் முழுக்கப் பரவியது. அவருடைய குரல் தெளிந்த நீர் போல இருக்கும். எனக்குப் பிகின் பாடியதுதான் பிடிக்கும், துக்கத்தை அழகுபடுத்தாமல் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல இருப்பதால்.

‘உமி நோ கோயே’ 2015-இல் ஒரு தொலைபேசி விளம்பரத்துக்காக ஷிமாபுகுரோ மெட்டமைத்தது. விளம்பரத்தில் நடித்த கென்தா கிரிதானியே பாடினார். சின்ன, நேர்த்தியான கடல்பாட்டு.

தூக்கம் வருகிறது என்ற புகாருக்கு நேரான பதில் ‘ஓஜீ ஜிமான் நோ ஓரியன் பீரு’. ஓஜீ என்றால் தாத்தா. தாத்தா பெருமைப்படும் உள்ளூர் பீரைப் பற்றிய கொண்டாட்டம். மேடைப் பதிவாகப் பாருங்கள். கூட்டமே எழுந்து கச்சாஷி ஆடும். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி, தள்ளுகதவைத் திறந்து மூடுவதுபோல அசைக்கிற ஆட்டம். அழும் குழந்தையிலிருந்து கம்பு ஊன்றிய பாட்டிவரை எவரும் ஆடலாம்.

1945-இல் போர் முடிந்து முகாம்களில் அடைபட்டிருந்த ஒகினாவா மக்கள், காலி உணவு டப்பாவைக் குடமாக்கி, பாராசூட் கயிற்றைத் தந்தியாக்கி சான்ஷின் செய்து வாசித்தார்கள். அந்த டப்பா சான்ஷின் இன்றும் விற்பனைக்குக் கிடைக்கிறது, பிள்ளைகள் அதில் பழகுவதும் உண்டு. நீங்கள் அதை வாங்க வேண்டியதில்லை. வீட்டில் வீணை இன்னும் இருக்கும் என்று நினைக்கிறேன். தந்தியை மாற்றுங்கள். தின்சகு நு ஹனாவைக் கமகமே இல்லாமல், ஒவ்வொரு சுரத்தையும் நேராக மீட்டி வாசித்துப் பாருங்கள். காந்தாரத்தை அசைக்கச் சொல்லி விரல் கேட்கும், இடம் கொடுக்காதீர்கள். எப்படி வந்தது என்று எழுதுங்கள்.

அன்புடன்,
செ.